ஐந்நூற்று நாற்பத்து மூன்று பட்டன்கள்

கூட்டத்தைப் பார்த்து யாராவது ‘சுமார் இருநூறு பேர் இருக்கும்’ என்று சொல்லிவிட்டால் பட்டன் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “சுமாரா எப்டி ஒரு ஆளு இருப்பான்? இருந்தா இருக்கான், இல்லாட்டி இல்ல” என்பார். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் வரிசையை முன்னாலிருந்து பின்னால் வரை விரல் நீட்டி எண்ணுவார். அண்டாவுக்கு அருகே நிற்கிறவரிடம் “நூத்து அறுபத்தேழு. என்னையும் சேத்துதான்” என்று சொல்லிவிட்டுத்தான் தூக்குவாளியை நீட்டுவார். கூழ் ஊற்றுகிறவருக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் தலையாட்டிவிடுவார். ஆட்டாவிட்டால் வரிசை நகராது என்பது அவருக்குத் தெரியும்.

புனேயில், கட்கி பஜாருக்குப் பின்னால் எங்கள் லைனில் பதினாறு வீடுகள். அதில் பதினொன்று தமிழ் வீடுகள். ஆண்கள் எல்லோருக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. நான் தொண்ணூறாம் வருஷம் திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி அங்கே போனேன். அக்கா எனக்குப் பதினாறு வருஷம் முன்னால், வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அதே மாதிரி வந்தவர். எதிர் வீடு. முன்னறையில் தையல் மெஷின், அதைச் சுற்றி பிஸ்கட் டப்பாக்கள், எல்லாவற்றிலும் பட்டன்கள். சிப்பாய்களின் சட்டையிலிருந்து சர்ச்சுக்குப் போகும் பெண்களின் கவுன் வரை, உதிர்ந்துபோன எந்தப் பட்டனுக்கும் அவரிடம் ஜோடி இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். தமிழர்களுக்குப் பட்டன் அக்கா, மராத்திக்காரர்களுக்குப் பட்டன்வாலி மௌஷி. தபால் வந்தால் அவர் கணவர் பெயருக்கு வரும். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்க வேண்டும் என ஒன்பது வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

அக்காவுக்கு மக்களவை ஒரு பைத்தியம். சிலருக்கு சினிமா, சிலருக்கு சீட்டு, அவருக்கு இது. படித்தது எட்டாம் வகுப்பு. அளவுத்தாள் வெட்டுவதற்காகப் பழைய தமிழ்ப் பேப்பரை எடைக்கு வாங்குவார், வெட்டுவதற்கு முன் ஒரு வரி விடாமல் படித்துவிடுவார். என் ரவிக்கையின் கைக்கு அவர் வைத்திருந்த அளவுத்தாளில் அவைத்தலைவர் பாதி முகத்தோடு கூச்சலை அடக்கிக்கொண்டிருப்பார்.

தேர்தல் முடிவு வருகிற நாளில் தையல் கிடையாது. வெட்டுப்பலகையை நடு அறையில் போட்டு அதன்மேல் பட்டன்களை அடுக்குவார். மொத்தம் ஐந்நூற்று நாற்பத்து மூன்று. கட்சிக்கு ஒரு தினுசு. பெரிய கட்சிகளுக்குச் சாதாரணச் சட்டைப் பட்டன், மாநிலக் கட்சிகளுக்குக் கலர்ப் பட்டன், ஒற்றை ஆள் கட்சிக்குப் பெரிய கோட்டுப் பட்டன். “ஒத்த ஆளுதான், ஆனா அவன் போடுற வெயிட்டுக்கு இதான் சரி” என்பார். கூட்டணி அமைந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நூலில் கோர்ப்பார். யாராவது ஆதரவை விலக்கிக்கொண்டதாக ரேடியோ சொன்னால் கத்தரிக்கோலை எடுப்பார். தொண்ணூற்றாறில் அவர் கோர்த்து முடிச்சுப் போடுவதற்குள் பதின்மூன்றே நாளில் ஆட்சி போய்விட்டது. “இன்னா நூலுடி இது, தண்ணில ஊறப் போட்டாக்கூட இன்னும் ரெண்டு நாள் தாங்கும்” என்று நூல்கண்டைத் திட்டினார்.

பலகையின் ஓரத்தில் இரண்டு முத்துப் பட்டன் தனியாக இருக்கும். அவை ஆங்கிலோ இந்தியர்களுக்கான இரண்டு நியமன இடங்கள். அந்த இரண்டையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். கவுன் தைக்க வந்த ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணியிடம் நேராகவே கேட்டிருக்கிறார்: “உங்க ஆளு ரெண்டு பேருக்கு நீங்க வோட்டு போட்டீங்களா?” அந்த அம்மாள் இல்லை, ஜனாதிபதி போடுகிறார் என்றாராம். “அப்ப அது உங்க ஆளு இல்ல, அவரு ஆளு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இடுப்பளவு எடுத்திருக்கிறார்.

பழைய கதையெல்லாம் தெரியும். முதல் மக்களவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நானூற்று எண்பத்தொன்பது பேர்தான், அந்தக் காலத்தில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள், பிறகு அதை எடுத்துவிட்டார்கள் என்பார். இரண்டு பேர் தொகுதியைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு கரிசனம் வரும். “ஒருத்தன் தூங்கினா இன்னொருத்தன எழுப்பலாம் இல்ல.”

அவரை உண்மையில் உறுத்தியது வேறு ஒன்று. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை எழுபத்தொன்றாம் வருஷத்து மக்கள்தொகையை வைத்து முடிவுசெய்து அப்படியே பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் அக்கா வேலூர்ப் பக்கத்தில் பாவாடை தாவணியோடு இருந்தார். எழுபத்து நாலில்தான் கட்கிக்கு வந்தார்.

“இந்த நாப்பத்தெட்டு கீதே, மகாராஷ்டிராவோடது, இதுல நான் இல்ல. அந்த முப்பத்தொம்போதுல, தமிழ்நாட்டோடதுல, நான் கீறேன். ஆனா நான் குடிக்கிற தண்ணி எங்க வருது? இங்க. ரேஷன் எங்க? இங்க. அப்ப நான் எங்க கீறேன், நீயே சொல்லு.”

“ரெண்டு இடத்துலயும் இருங்களேன்க்கா. எல்லாரும் அப்படித்தானே இருக்காவ” என்றேன் நான்.

அது உண்மை. எங்கள் லைனில் பாதிப் பேருக்கு இரண்டு இடத்தில் பெயர். கட்கியில் ஒன்று, ஊரில் ஒன்று. ஊர்க்காரர்கள் விட மாட்டார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் பத்து ஓட்டில் ஜெயிக்கிறவன் புனேயில் இருக்கிற சித்தப்பா வீட்டு ஐந்து ஓட்டை எப்படி விடுவான்? அக்காவின் பெயரையும் மாமனார் ஊரில் மச்சாண்டார், கணவரின் அண்ணன், சேர்த்து வைத்திருந்தார்.

நான் அப்படிச் சொன்னதற்கு அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முன்பு ஒரு முறை ரேஷன் கடையில், செத்துப்போன மாமியார் பெயருக்கும் சேர்த்து சர்க்கரை போட்டுவிட்டார்கள் என்று திரும்பப் போய்க் கொட்டிவிட்டு, கிழவியின் பெயரை அடிக்கச் சொல்லி நின்றவர் அவர். அந்த வாரமே ஊருக்குக் கடிதம் எழுதினார், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. மச்சாண்டார் எடுக்கவில்லை என்றதும் அங்கிருக்கும் ஆபீசுக்கே நேராக எழுதினார். பெயர் எடுபட்டது. மச்சாண்டார் பேச்சை நிறுத்தினார். ஊர்த் திருவிழாவில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே பந்தலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லாம் ஒரு ஓட்டுக்காக. எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது.

அந்த வீம்புக்கு அடுத்த வருஷமே பலன் கிடைத்தது. தொண்ணூற்றேழு மே மாதம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்கள் லைனே பூட்டிக் கிடக்கும். எல்லோரும் ஊருக்குப் போய்விடுவோம். அம்மன் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் அந்த ஒரு மாதத்தில் அடைப்போம். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிறவர் அந்த மாதம்தான் வந்திருக்கிறார். வரிசையாகப் பதினொரு பூட்டு. வரிசையாகப் பதினொரு வீட்டுக்கும் ‘குடிபெயர்ந்துவிட்டார்கள்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறைசொல்லி என்ன பயன்? பூட்டைப் பார்த்தால் பூட்டைத்தானே எழுதுவார்.

தொண்ணூற்றெட்டுத் தேர்தலில்தான் எங்களுக்கு அது தெரிந்தது. அக்கா குளித்து, நல்ல புடவை கட்டி, பஜார்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்று, பெயர் இல்லை என்று திரும்பி வந்தார். எழுபத்தேழில் இருபத்திரண்டு வயதில் போட்ட முதல் ஓட்டிலிருந்து ஒன்றைக்கூட விட்டதில்லை. லைனில் மற்றவர்கள் தோளைக் குலுக்கினார்கள். அவர்களுக்கு ஊரில் ஒன்று இருந்தது. எனக்கு ஊரிலும் கிடையாது, கல்யாணமானதும் அப்பா வீட்டில் எடுத்துவிட்டார்கள். ஆனால் எனக்கு அது இருந்த காலத்திலும் இருந்த மாதிரி தெரியவில்லை, போன பிறகும் போன மாதிரி தெரியவில்லை.

“ரெண்டு இடத்துல இருக்கக் கூடாதுன்னு நானே ஒண்ண வெட்டினேன்” என்று அக்கா வாசற்படியில் உட்கார்ந்து சொன்னார். “இப்ப ஒரு இடத்துலயும் இல்ல. நான் செத்துப்பூட்டனா?”

“விடுங்கக்கா. ஒரு ஓட்டுல என்ன ஆவப்போகுது.”

“அங்க இருந்த ஆபீசரும் சிரிச்சினே அதான் சொன்னான். பட்டியல்ல பேரு இருந்து, அத்த வேற எவனாச்சும் போட்டுட்டிருந்தாக்கூட தனியா ஒரு சீட்டாவது தருவோம். பேரே இல்லாதவங்களுக்கு அதுவும் இல்லன்னான்.” சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். “நான் பேரைப் போட வெச்சுட்டுத்தான் இன்னொரு ரவிக்க வெட்டுவேன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சபதம் ரவிக்கை விஷயத்தில் இரண்டு நாளில் முறிந்தது, கல்யாண சீசன். பெயர் விஷயத்தில் முறியவில்லை.

ஆறு முறை போனார். ஒரு முறை துணைக்கு நானும் போனேன். கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ஏறினால் சிவாஜிநகர் அடுத்த ஸ்டேஷன். அங்கிருந்து நடை. ஆபீசில் குமாஸ்தா காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார், “ஆப்கா காவ்?” உங்கள் ஊர் எது என்று.

“கட்கி.”

“வோ நஹீ. அஸ்லீ காவ்.” அது இல்லை, சொந்த ஊர்.

“கட்கி” என்றார் அக்கா மறுபடி.

“மதராஸ் சைட் ஹை நா? உதர் ஜாகே வோட் டாலோ.” அங்கே போய் ஓட்டுப் போடு என்கிறார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு அது நல்ல யோசனையாகத் தெரிந்தது.

அக்கா மராத்திக்கு மாறினார். “மீ இத்தேச் ராஹதே.” நான் இங்கேதான் இருக்கிறேன். பிறகு பையிலிருந்து ரேஷன் கார்டு, வீட்டு வாடகை ரசீது, எழுபத்தேழிலிருந்து சேர்த்து வைத்த வாக்காளர் சீட்டுகள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். குமாஸ்தா, நாளைக்கு வா என்றார். அக்கா எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ரவிக்கைகளை எடுத்து ஊக்கு வைக்க ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் நாலு ரவிக்கை முடிந்தது.

குமாஸ்தாவின் சட்டையில் மூன்றாவது பட்டன் இல்லை. நான் அக்காவின் காதில், “அதைத் தச்சுக் குடுத்துட்டா வேலை முடிஞ்சிரும்க்கா” என்றேன்.

“தச்சுக் குடுத்தா லஞ்சம்” என்றார் ஊக்கிலிருந்து கண்ணெடுக்காமல்.

மூன்று மணிக்கு அந்த மனிதர் சலித்துப்போய் விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். அக்கா ரசீதை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு, “சட்டைய இப்டி இழுத்துப் புடி பாய்யா” என்று தமிழிலேயே சொல்லி, நின்றபடியே பட்டனைத் தைத்துக் கொடுத்தார். அவர் பதறிப்போய் அசையாமல் நின்றார்.

திரும்பும்போது என்னைக் கேட்டார். “நீயும் ஒரு பாரத்த வாங்கி எழுதி இருக்கலாமே. கூடவே வந்தியே.”

“ரேஷன் கார்டு காப்பி எடுத்துட்டு வரல்லியேக்கா.”

“நாளைக்கு எடுத்துனு வா. நானே வரேன்.”

நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் என் கொழுந்தன் வந்தான். அதற்கடுத்த வாரம் எனக்கே நினைவில்லை. என் வீட்டுக்காரர் பெயரைத் தொழிற்சாலைச் சங்கத்து ஆட்கள் மொத்தமாகச் சேர்த்துவிட்டார்கள். வீட்டுப் பெண்களின் பெயரை அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.

தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் ஆட்சி ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. அந்தப் பக்கம் இருநூற்று எழுபது, இந்தப் பக்கம் இருநூற்று அறுபத்தொன்பது. அக்கா லைன் முழுவதையும் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினார். இரண்டு நூலில் இரண்டு மாலை. பார்க்க ஒரே நீளம்.

“எது பெருசு, கண்ணால பாத்துச் சொல்லு” என்றார் என்னிடம். எனக்குத் தெரியவில்லை. “தெரியாது. எண்ணினாத்தான் தெரியும். ஒரு ஓட்டுல இன்னா ஆவும்னு கேட்டியே.” நான் தேநீரைக் குடித்தேன். அவர் சொல்வதெல்லாம் சரியாக இருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

செப்டம்பரில் மறுபடி தேர்தல். பட்டியலில் அக்காவின் பெயர் வந்துவிட்டது. என் பெயர் இல்லை.

எங்கள் பகுதித் தமிழர்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். லைனுக்குப் புதுக் குழாய் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார், பதிலுக்கு ஓட்டுகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஓட்டு நாளன்று காலை அவருடைய டெம்போ வந்தது. பெண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா, “எனக்குக் கால் கீது” என்று சொல்லி ஏறவில்லை. மதியத்துக்கு மேல் நடந்து வருவதாகச் சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டார். நான் ஏறினேன். எனக்குப் பெயர் இல்லை என்றேன். டெம்போவில் இருந்த பையன் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். “இதுல போங்க மாமி. ஆளு ஊர்ல இல்ல. கையெழுத்து போடாதீங்க, அங்கூட்டா போட்டுருங்க, கட்டைவிரல்.”

சீட்டு மராத்தியில். எனக்கு அப்போது மராத்தி எழுத்து படிக்கத் தெரியாது. உள்ளே அதிகாரி ஒரு பெயரை உரக்கப் படித்தார். முருகனின் மனைவிகளில் ஒருத்தியின் பெயர், பின்னால் எங்கள் பகுதியில் பத்துப் பேருக்கு இருக்கிற ஒரு கணவர் பெயர். யாரோ என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். கட்சி ஏஜெண்டுகள் எல்லோரும் தலைவரின் ஆட்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்த நான் கட்டைவிரலை ஊதா மையில் அமுக்கி வைத்தேன். அவர்கள் சொன்ன சின்னத்தில் குத்தினேன். வெளியே வந்து தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன்.

மூன்று மணிக்கு என் மகன் ஓடிவந்து, பள்ளிக்கூடத்தில் பட்டன் அத்தை சண்டை போடுகிறார், வரிசையே நின்றுவிட்டது என்றான். போனேன். வாசலிலேயே அவர் குரல் கேட்டது.

“ஹோ கயா, பாயி. ஆப்கா வோட் ஹோ கயா” என்று அதிகாரி மன்றாடிக்கொண்டிருந்தார். உங்கள் ஓட்டு போட்டாகிவிட்டது என்கிறார்.

“ஹுவா தோ மேரா உங்கிலி தேக்கோ” என்று அக்கா இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். விரலில் மை இல்லை.

அதிகாரி இன்னொரு முறை பட்டியலைப் பார்த்துப் பெயரை உரக்கப் படித்தார். நான் காலையில் தலையாட்டிய அதே பெயர்.

ஒன்பது வருஷமாக எதிர் வீட்டில் இருந்த பெண்ணின் பெயரை நான் முதல்முறை கேட்டது அன்றுதான். அதுவும் ஒரே நாளில் இரண்டு தடவை. மை பட்ட இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

அக்கா வாக்குச் சீட்டின் அடிக்கட்டையைக் காட்டச் சொன்னார். அதிகாரி முதலில் மறுத்தார். அக்கா நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் கத்த ஆரம்பித்ததும் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சுருங்கிப்போயிருந்தது. அதுவரை கோபம்தான் இருந்தது, இப்போது அவமானம்.

“கைநாட்டு” என்றார் தமிழில், யாரிடமோ. “எம் பேருக்கு நேரா கைநாட்டு வெச்சிருக்கான். நான் கையெழுத்து போடுறவ.”

ஏஜெண்டுகளில் ஒருவன், “விடுக்கா, வூட்டுக்குப் போ. குழாய் வரப்போவுது” என்றான். அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரியிடம், “டெண்டர் வோட் தோ” என்றார். உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது, போன வருஷம் உங்கள் ஆள்தான் எனக்குச் சொன்னார், என் பெயரில் வேறு ஒருவர் போட்டிருந்தால் எனக்குத் தனிச் சீட்டு தர வேண்டும் என்று மராத்தியில் நிதானமாகச் சொன்னார். அதிகாரி, அதற்கு வேறு பாரம், வேறு உறை, எல்லாம் எழுத வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றார் அக்கா. அதை எண்ண மாட்டார்கள், கோர்ட் கேட்டால் ஒழிய உறையைப் பிரிக்கக்கூட மாட்டார்கள் என்றார் அதிகாரி.

“கின்னா நஹீ கின்னா துமாரா காம்” என்றார் அக்கா. “டால்னா மேரா காம்.”

எண்ணுவது எண்ணாதது உன் வேலை, போடுவது என் வேலை. வரிசையில் கத்திக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள். அதிகாரி பாரத்தைத் தேடி எடுத்தார். அக்கா அதில் தன் பெயரை முழுசாகத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டை வாங்கி மறைவுக்குள் போய்க் குத்தி, மடித்துக் கொண்டுவந்து, அதிகாரி அதைத் தனி உறைக்குள் போடுகிறவரை நின்று பார்த்தார். பிறகு வாசலில் என்னைத் தாண்டி நடந்து போனார். என்னைப் பார்த்துச் சிரித்தார். தனக்கு ஆதரவாக வந்து நிற்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் வரைதான் தாங்க முடிந்தது. அவர் வீட்டுக்குப் போய் மெஷினுக்கு முன்னால் நின்று கட்டைவிரலைக் காட்டினேன். ஊதா இன்னும் போகவில்லை. அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மிதியிலிருந்து காலை எடுத்தார்.

“உங்க பேருன்னு தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. பேரு எனக்குத் தெரியாதே.”

“யாருக்குப் போட்ட?”

சின்னத்தைச் சொன்னேன்.

“நானும் அத்துக்குத்தான் போட்டேன்” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. சிரித்தே விட்டேன். “அப்பம் ஒரு நட்டமும் இல்லியேக்கா.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “அதே சோறுதான். எனக்கு வெச்சத நீ துன்னா எம் வயிறு ரொம்புமா?” குரல் உயரவில்லை. “ரெண்டு வருசம் அலைஞ்சேன். ஊர்ல அண்ணன் தம்பி மொகத்த மொகம் பாக்கல. உன்ன இட்னு போயி அந்த பெஞ்சுல ஒக்கார வெச்சேன். தெரியாம செஞ்சேன்னு சொல்ற. யாரோ ஒருத்தின்னு நெனச்சேன்னு சொல்ற. அந்த யாரோ ஒருத்திக்கு மட்டும் வோட்டு இல்லியா?”

நான் அழுதேன். அழுகை அவரிடம் செல்லவில்லை.

“உம் வோட்டு எங்க?” என்று கேட்டார். “அத்த எடுத்துனு வா. அப்பறம் இந்தப் படி ஏறு.” மெஷின் ஓட ஆரம்பித்தது.

முடிவு வந்த நாளில் எதிர் வீட்டில் ரேடியோ அலறியது, லைன் முழுவதும் போய் உட்கார்ந்தது. என்னைக் கூப்பிடவில்லை. குழாய் வந்தது. நாலு மாதம் ஒழுங்காகத் தண்ணீர் வந்து, பிறகு பழையபடி ஆனது. அதில் குடம் வைக்க எதிரெதிரே நின்றாலும் அக்கா என்னோடு பேசவில்லை. எனக்கும் ஒரு கட்டத்தில் கோபம் வந்தது. ஊரில் எல்லோரும் செய்ததைத்தானே செய்தேன், எனக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? அந்தக் கோபத்தில்தான் ஒரு நாள் ரேஷன் கார்டு காப்பியை எடுத்துக்கொண்டு லோக்கல் ஏறினேன். நல்ல எண்ணத்தில் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தம்மா முகத்தில் அதை விட்டெறிய வேண்டும் என்றுதான் போனேன். ஐந்து முறை அலைந்தேன். மூன்றாவது முறை குமாஸ்தா “அஸ்லீ காவ்?” என்று கேட்டபோது மேஜையைத் தட்டிவிட்டேன். அதற்குள் அது என் சண்டையாகிவிட்டிருந்தது.

புதுப் பட்டியல் வந்ததும் என் பெயர் இருந்த பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுபோய் மெஷின் மேல் வைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். என் பெயரை, என் வீட்டுக்காரர் பெயரை, வயதை, எல்லாம். “வயசு ரெண்டு கொறச்சு எழுதியிருக்க” என்றார். நாலு மாதத்துக்கும் மேல் கழித்து அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. மன்னித்துவிட்டேன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. உட்காரச் சொன்னார், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து மூன்றில் அவர் கணவர் ஓய்வுபெற்று, இருவரும் வேலூர்ப் பக்கம் திரும்பிப் போனார்கள். சாமான்களை மூட்டை கட்டுவதற்கு முன்னால் அக்கா அந்த ஆபீசுக்குப் போய்த் தன் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். உயிரோடு ஒரு ஆள் தன் பெயரை அடிக்கச் சொல்லி வந்து அவர்கள் பார்த்ததே இல்லையாம். ஊரில் பெயர் சேர்ந்துவிட்டதற்கு அத்தாட்சி கேட்டார்களாம், அதையும் கையோடு வைத்திருந்தார்.

அடுத்த வருஷம் நடந்த தேர்தலில் என் பெயரை அதிகாரி உரக்கப் படித்தார். இருக்கிறேன் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். டெம்போவில் வந்த பையன்கள் சீட்டுக் கட்டோடு வாசலில் நின்றார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் கையில் ஒன்றைத் திணித்தார்கள். அதை வாங்கி, பெயரைப் படித்து, யாருடையது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக் கிழித்துப் போட்டேன். அதற்குள் மராத்தி படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். தலைவர் ஒரு வருஷம் என் வீட்டுக்காரரோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தபோது அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லை மட்டும்தான் மாறியது, மொத்தம் அதே ஐந்நூற்று நாற்பத்து மூன்று என்றேன். “தல கூடிச்சு, நாற்காலி கூடல” என்றார். கொஞ்ச நேரம் இருமினார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

இதைப் படித்த என் மகன், ஆள் யார் என்றே தெரியவில்லையே, பெயரையாவது போடக் கூடாதா என்கிறான். எனக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். கணவர் பெயரோடு, பாகம் எண்ணோடு, வரிசை எண்ணோடு தெரியும். ஒருமுறை அவரைக் கேட்காமல் அதை எடுத்துப் பயன்படுத்திவிட்டேன். இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. அதனால் எழுதவில்லை.